எரிமலைத் தீவின் சேறு, பள்ளிக்கரணை ஆய்வகம்: பாக்டீரியாவின் மரபணுவுக்குள் மருந்து தேடுவது எப்படி?

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைத் தாண்டிப் போகிறவர்கள் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். சுருக்கமாக என்.ஐ.ஓ.டி. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் 6,000 மீட்டர் ஆழம் வரை இறங்குவதற்கான ‘மத்ஸ்யா 6000’ வாகனத்தை உருவாக்குவது இந்த நிறுவனம்தான்.

ஆனால் இதே நிறுவனத்தில், கேமராவில் சிக்காத இன்னொரு தேடலும் நடக்கிறது. ஆழ்கடல் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் என்னென்ன வேதிப்பொருட்களைத் தயாரிக்கின்றன, அதில் மனிதர்களுக்குப் பயன்படுவது எது என்ற தேடல் அது.

இந்தத் தேடலின் முறை கடந்த 20 ஆண்டுகளில் உலகம் முழுக்க தலைகீழாக மாறிவிட்டது. முன்பெல்லாம் பாக்டீரியாவை வளர்த்து, அது எதைச் சுரக்கிறது என்று காத்திருந்து பார்ப்பார்கள். இப்போது அதன் மரபணுவைப் படித்து, ‘இது எதையெல்லாம் தயாரிக்கக் கூடும்?’ என்று முதலிலேயே கணிக்கிறார்கள். அது எப்படி? இதனால் நமக்கு என்ன பயன்? எளிமையாகப் பார்க்கலாம்.

பாரன் தீவில் என்ன தேடினார்கள்?

அந்தமான் கடலில் இருக்கிறது பாரன் தீவு. இந்தியாவில் இன்னும் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை இதுதான். இந்தத் தீவை ஒட்டிய ஆழ்கடல் சேற்றிலிருந்து உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அவை பற்றி என்.ஐ.ஓ.டி. ஆய்வாளர்கள் 2019ல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒன்று, அங்கே கிடைத்த ஆக்டினோபாக்டீரியா வகைகளுக்கு மற்ற கிருமிகளைக் கொல்லும் திறன் இருக்கிறதா என்பது பற்றியது. இன்னொன்று, எக்டோயின் என்ற பொருளைப் பற்றியது.

எக்டோயின்னா என்ன? கருவாடு ஏன் கெட்டுப்போவதில்லை என்று யோசித்தால் இது புரியும். மீனில் அப்பும் உப்பு, கிருமிகளின் உடலில் உள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கிருமி வற்றிப்போகும், வளராது. ஆனால் சில பாக்டீரியாக்கள் எவ்வளவு உப்பிலும் தாக்குப்பிடிக்கும். காரணம், அவை எக்டோயின் போன்ற ஒரு சிறு மூலக்கூறைத் தயாரித்து உடலுக்குள் நிரப்பி வைத்துக்கொள்கின்றன. அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறாது, புரதங்களும் சிதையாது.

எகிப்தின் உப்பு ஏரிப் பகுதியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவில் 1985ல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பொருள் இது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் இருப்பதால் இன்று சருமக் கிரீம்களிலும் கண் சொட்டு மருந்துகளிலும் சேர்க்கப்படுகிறது.

எக்டோயினைத் தயாரிக்க பாக்டீரியாவுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது மூன்று மரபணுக்கள்: எக்ட்-ஏ, எக்ட்-பி, எக்ட்-சி. மூன்றும் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்த ‘பக்கத்துப் பக்கத்தில்’ என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

மரபணுக் கொத்து என்றால் என்ன?

ஒரு சமையல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பிரியாணிக்கு அரிசி ஊறவைக்கும் குறிப்பு 10வது பக்கத்திலும், மசாலா 300வது பக்கத்திலும், தம் போடுவது 750வது பக்கத்திலும் இருந்தால் என்ன ஆகும்? இதெல்லாம் ஒரே உணவுக்கானது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மனித மரபணுவில் பல நேரம் நிலைமை இதுதான்.

பாக்டீரியா அப்படியில்லை. ஒரு வேதிப்பொருளைத் தயாரிக்கத் தேவையான குறிப்புகளைப் பெரும்பாலும் அடுத்தடுத்த பக்கங்களில் சேர்த்தே வைத்திருக்கும். மூலப்பொருளைத் தயார் செய்வது, துண்டுகளை இணைப்பது, கடைசி மெருகு போடுவது, தயாரானதை வெளியே அனுப்புவது என எல்லா வேலைக்குமான மரபணுக்கள் ஒரே இடத்தில் கொத்தாக இருக்கும். ஆங்கிலத்தில் இதை பயோசிந்தெடிக் ஜீன் கிளஸ்டர், சுருக்கமாக பி.ஜி.சி. என்கிறார்கள். தமிழில் மரபணுக் கொத்து என்று சொல்லலாம்.

எக்டோயின் கொத்து சின்னது. பென்சிலினைத் தயாரிக்கும் பூஞ்சையிலும் மூன்று முக்கிய மரபணுக்கள்தான். ஆனால் சில கொத்துகளில் பல பத்து மரபணுக்கள் இருக்கும்.

எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பலருக்குத் தெரிந்த மாத்திரை. அதன் அடிப்படைச் சட்டகத்தைத் தயாரிக்கும் நொதிகள் ஒரு தொழிற்சாலை போல வேலை செய்கின்றன. அதில் 6 நிலையங்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு துண்டைச் சேர்த்து அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடும். பூ கட்டுவது மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து முடித்ததும் கடைசியில் வளையமாக முடிச்சுப் போடப்படும். 1990களின் தொடக்கத்தில் இது தெரியவந்தபோது விஞ்ஞானிகளுக்கு ஒரு பெரிய வாய்ப்பு திறந்தது. மரபணுவில் எத்தனை நிலையங்கள், எந்த வகை நிலையங்கள் என்று படித்தாலே, வெளியே வரப்போகும் பொருள் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும்!

மண்வாசனைக்குப் பின்னால் இருப்பவர்கள்

முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. அதைத் தயாரிப்பதில் முன்னணியில் இருப்பவை ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியாக்கள். உலகம் பயன்படுத்தும் ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பகுதியின் பிறப்பிடமும் இந்தக் குடும்பம்தான்.

காசநோய்க்கு முதல் பலன் தந்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரீசியஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. 1948ல் அறிவிக்கப்பட்ட ஆரியோமைசின்தான் டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்து. அதுவும் மண் பாக்டீரியா தந்ததுதான். அந்தக் கண்டுபிடிப்பு நடந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

1940களிலும் 50களிலும் அடுத்தடுத்து புதிய மருந்துகள் குவிந்தன. அதன் பிறகு வேகம் குறைந்தது. ஏன்? எந்த ஊர் மண்ணை எடுத்து வளர்த்துப் பார்த்தாலும் ஏற்கெனவே தெரிந்த அதே பொருட்களே திரும்பத் திரும்பக் கிடைத்தன. செலவு ஏறியது, புதுசு எதுவும் வரவில்லை. பெரிய மருந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இந்தத் துறையை விட்டு விலகத் தொடங்கின.

2002ல் வந்த திருப்பம்

அந்தச் சமயத்தில்தான் ஸ்ட்ரெப்டோமைசஸ் கோலிகலர் என்ற பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது. 2002ல் வெளியான முடிவு எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. அதில் சுமார் 86 லட்சம் எழுத்துகள், 7,825 மரபணுக்கள் இருந்தன. மனிதனிடமே சுமார் 20,000 மரபணுக்கள்தான் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு மண் பாக்டீரியாவுக்கு இது பெரிய எண்ணிக்கை.

அதைவிட ஆச்சரியம் வேறு. பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்ட இந்த பாக்டீரியா ஒரு சில பொருட்களையே தயாரிக்கும் என்று நினைத்திருந்தார்கள். மரபணுவிலோ 20க்கும் மேற்பட்ட கொத்துகள் இருந்தன. பெரும்பாலானவை என்ன தயாரிக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத் தட்டில் அவை வேலை செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தன.

ஐவர்மெக்டினுக்கு மூலமான பொருளைத் தந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் அவெர்மிடிலிஸ் பாக்டீரியாவிலும் இதே கதை. அதில் சுமார் 30 கொத்துகள். மண் வற்றிவிட்டது என்று நினைத்தது தவறு, தேடிய முறைதான் போதவில்லை என்பது அப்போது தெளிவானது.

தேடல் படிப்படியாக எப்படி நடக்கிறது?

1. மாதிரி எடுப்பது: மண், சேறு, கடற்பஞ்சு, சதுப்புநிலம் என எங்கிருந்தும் எடுக்கலாம். வெப்பம், உப்பு, அழுத்தம் என நெருக்கடி அதிகமுள்ள இடங்களில் வேறு மாதிரியான வேதியியல் இருக்க வாய்ப்புண்டு. எரிமலைத் தீவைத் தேடிப் போவது அதனால்தான்.

2. மரபணுவைப் படிப்பது: பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படித்து, கணினியில் துண்டுகளைச் சேர்த்து முழுமையாக்குவார்கள்.

3. கொத்துகளைக் கண்டுபிடிப்பது: இதற்கு ஆன்டிஸ்மாஷ் என்ற மென்பொருள் 2011 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆன்டிபயாட்டிக் தயாரிக்கும் நொதிகளுக்கு என்று சில அடையாளங்கள் உண்டு. மரபணுவைப் பதிவேற்றினால், அந்த அடையாளங்கள் எங்கே சேர்ந்து இருக்கின்றன என்று அது காட்டிவிடும். இணைய வசதியுள்ள எந்தக் கல்லூரி மாணவரும் இதைச் செய்யலாம்.

4. ஏற்கெனவே தெரிந்ததா என்று பார்ப்பது: பொருள் எது என்று உறுதியான கொத்துகளுக்கு மிபிக் என்ற பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால், ‘இது பழைய கதை’ என்பவற்றை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். முன்பு மாதக்கணக்கில் உழைத்த பிறகுதான் இது தெரியும்.

5. தூங்கும் கொத்தை எழுப்புவது: இதுதான் கஷ்டமான கட்டம். உணவை மாற்றிப் பார்ப்பார்கள். எதிரி பாக்டீரியா ஒன்றைப் பக்கத்தில் வளர்த்துச் சீண்டுவார்கள். அதுவும் சரிவரவில்லை என்றால், கொத்தை அப்படியே வெட்டி வேறொரு பாக்டீரியாவுக்குள் வைப்பார்கள். 2014ல் டாரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு கடல் பாக்டீரியாவின் தூங்கும் கொத்திலிருந்து இந்த முறையில்தான் கிடைத்தது.

6. பொருளைப் பிரித்துச் சோதிப்பது: வெளிவந்த பொருளின் எடை, வடிவம் எல்லாம் கருவிகளால் அளக்கப்படும். கிருமியைக் கொல்கிறதா, மனித செல்லைக் கெடுக்கிறதா என்று பார்க்கப்படும்.

வளர்க்கவே முடியாத பாக்டீரியா என்றால்?

மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்வதில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2015ல் அறிவிக்கப்பட்ட டெக்ஸோபாக்டின், பாக்டீரியாவை அதன் சொந்த மண்ணுக்குள்ளேயே சிறு கருவியில் வைத்து வளர்த்ததால் கிடைத்தது. 2018ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகக் குழு இன்னொரு படி மேலே போனது. எந்த பாக்டீரியாவையும் வளர்க்காமல், 2,000க்கும் மேற்பட்ட மண் மாதிரிகளின் டி.என்.ஏ.வில் நேரடியாகத் தேடி மலாசிடின் என்ற பொருளைக் கண்டுபிடித்தது. எலிகளின் தோல் புண்ணில் இருந்த, பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை அது ஒழித்தது.

2022ல் அதே குழு சிலாகிசின் என்ற பொருளைத் தயாரித்த விதம் இன்னும் வித்தியாசமானது. மரபணுக் கொத்தைப் படித்து, அது தயாரிக்கக்கூடிய மூலக்கூறைக் கணித்து, பாக்டீரியாவைத் தொடாமலேயே வேதியியல் முறையில் செய்துவிட்டார்கள். எலிகளில் அது பலன் தந்தது.

சென்னைக்கு ஏன் இது முக்கியம்?

2010ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியான ஒரு ஆய்வு நாடு முழுக்கப் பரபரப்பானது. கடைசி ஆயுதமாகப் பயன்படுத்தப்படும் கார்பபெனம் வகை மருந்துகளையே செயலிழக்க வைக்கும் என்.டி.எம்.-1 என்ற மரபணு, இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளில் இருப்பதாக அது சொன்னது. அதில் 44 மாதிரிகள் சென்னையைச் சேர்ந்தவை. ஆய்வில் முக்கியப் பங்கு, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வு வளாகத்துக்கு. பள்ளிக்கரணையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 2022ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய் சிகிச்சை, குறைமாதக் குழந்தைப் பராமரிப்பு எல்லாமே ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அது வேலை செய்யாமல் போனால் சாதாரணப் புண்ணும் ஆபத்தாகும்.

தமிழ்நாட்டிலும் புதிய பொருட்களுக்கான தேடல் நடந்துவருகிறது. ராமேஸ்வரம் பவளப்பாறைப் பகுதியிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸிலிருந்து ட்ரான்சிட்மைசின் என்ற பொருளை, சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுக்கூடச் சோதனையில் அது காசநோய்க் கிருமியைத் தடுத்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கடல் ஆக்டினோபாக்டீரியாக்களை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது.

மரபணுத் தகவல் யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் விஷயம் அறிவியலைத் தாண்டிப் போகிறது. எரித்ரோமைசினின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1949ல் பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதி மண்ணை அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பியவர் அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர். மருந்து 1952ல் சந்தைக்கு வந்தது. லாபத்தில் பங்கு கேட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது அந்த நாட்டில் இன்றும் பேசப்படும் ஆதங்கம்.

இது போன்ற நிலை வரக்கூடாது என்றுதான் இந்தியா 2002ல் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 2003ல் அமைந்த தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையம் இருப்பதும் சென்னைத் தரமணியில்தான். வெளிநாட்டவர்களும் வெளிநாட்டு நிறுவனங்களும் இந்திய உயிர் வளங்களை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ எடுக்க இந்த ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கிடைக்கும் பலனில் பங்கும் தர வேண்டும். சேற்றில் இருக்கும் பாக்டீரியாவும் உயிர் வளம்தான்.

ஆனால் மரபணுக் கொத்து முறை இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டையைக் காட்டிவிட்டது. ஆய்வாளர்கள் படித்த மரபணு வரிசைகள் வழக்கமாகப் பொதுத் தரவுத்தளங்களில் ஏற்றப்படுகின்றன. சிலாகிசின் மாதிரி, வரிசையை டவுன்லோடு செய்து, மூலக்கூறைக் கணித்து, உலகின் எந்த மூலையிலும் தயாரித்துவிடலாம். மண் ஊரைவிட்டு நகரவே வேண்டியதில்லை. அப்படியானால் யாரிடம் அனுமதி கேட்பது?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 2024ல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாடு ஒரு நிதியத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 பிப்ரவரியில் அது தொடங்கப்பட்டது. மரபணுத் தகவலைப் பயன்படுத்தி லாபம் பார்க்கும் பெரிய மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருவாயில் 0.1 சதவீதம் தர வேண்டும் என்பது வழிகாட்டு அளவு. நிதியில் குறைந்தது பாதி பழங்குடியினருக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும். ஆனால் பணம் கட்டுவது கட்டாயம் இல்லை. அதுதான் இதன் பலவீனம்.

சதுப்புநிலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. குடியிருப்பு, சாலை, ஐ.டி. வளாகங்கள், பெருங்குடி குப்பைக் கிடங்கு எனச் சுருங்கிக்கொண்டே வந்தது. 2007ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது.

ராம்சர் என்றதும் பூநாரையும் வெள்ளத் தடுப்பும்தான் பேசப்படுகின்றன. இரண்டும் முக்கியம்தான். ஆனால் மழைநீர், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் எனக் கடலோடு தொடர்புள்ள இந்த நிலத்தின் சேற்றிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அதில் அடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் இருக்கிறது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் தேடிப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். பறவை குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு மரபணுக் கொத்து அழிந்தால் யாருக்கும் தெரியாது.

அப்போ புது மருந்து சீக்கிரம் வந்துவிடுமா?

உடனே வராது. கணினி ஒரு கொத்தைக் காட்டுவதற்கும் மருந்துக்கடையில் மாத்திரை கிடைப்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. பல கொத்துகள் எழுப்பினாலும் எழாது. எழுந்தாலும் கிடைக்கும் பொருள் நச்சாக இருக்கலாம். விலங்குச் சோதனை, மனிதர்களிடம் மூன்று கட்டச் சோதனை எனப் பல ஆண்டுகள் ஆகும். டெக்ஸோபாக்டின், மலாசிடின், சிலாகிசின் மூன்றுமே தலைப்புச் செய்தியானவை. ஆனால் அந்தத் தலைப்புகள் எலிகளில் கிடைத்த வெற்றிக்கானவை.

பணமும் ஒரு தடை. ஆன்டிபயாட்டிக் என்பது சில நாட்கள் மட்டும் சாப்பிடும் மருந்து. புதிதாக வந்தாலும் அதைக் கடைசி ஆயுதமாகப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். அதனால் விற்பனை குறைவு, நிறுவனங்களுக்கு ஆர்வமும் குறைவு. அரசு ஆய்வகங்களின் பங்கு பெரிதாவது இங்கேதான். 2021ல் சுமார் 4,077 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தில், ஆழ்கடல் உயிரினங்களை ஆராய்வதும் ஒரு பகுதி.

அதுவரை இருக்கும் மருந்துகளைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் உள்ள வேலை. சளி, வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. 2014 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்-1 விதிப்படி, முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. ‘போன தடவை குடுத்த மாத்திரையே குடுங்க’ என்று கேட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே இருக்கும் மருந்துகளின் ஆயுள் கொஞ்சம் குறைகிறது.